புள்ளி எழுத்தின் இரு வழிகள்: படப்புள்ளி எழுத்துருவும் தமிழ் வரிவடிவமும்

1. எடுத்துக்கொண்ட கேள்வி

கணினித் திரையின் தொடக்கக் காலத்தில் நினைவகமும் திரையின் நுண்மையும் மிகக் குறைவாக இருந்தமையால், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு கட்டச்சட்டத்துக்குள் சில கட்டங்களை நிரப்பியும் சிலவற்றை வெறுமையாக விட்டுமே உருவாக்கப்பட்டது. அவ்வாறு நிரம்பும் அல்லது வெறுமையாகும் மிகச் சிறிய அலகே பிக்சல், அதாவது படப்புள்ளி. அந்தக் கட்டாயம் நீங்கிப் பல ஆண்டுகளான பின்னும், பழைய திரையின் படிக்கட்டு விளிம்புகளை விரும்பி மீட்டெடுக்கும் எழுத்துருக்கள் உலகெங்கும் வரையப்பட்டு வருகின்றன. விளையாட்டுத் தலைப்பிலும் இசைத்தொகுப்பின் உறையிலும் பனியன் மார்பிலும் அவை இடம்பெறுகின்றன. லத்தீன் எழுத்தைப் பொறுத்தவரை இவை எந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. தமிழில் அத்தகைய எழுத்துரு ஒன்று வரையப்படுமானால் அது யாருடைய பழமையை மீட்டெடுக்கும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இக்கேள்வியை விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. புள்ளிகளைக் கொண்டு உருவம் அமைக்கும் தொழில்கள் இம்மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை. சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்களில் நாட்காட்டிப் படங்கள் மைப்புள்ளிகளால் அமைகின்றன. கோயில் திருவிழாக்களில் சீரியல் விளக்குகள் எழுத்துகளாக எரிகின்றன. கடை வாசலிலும் பேருந்தின் நெற்றியிலும் எல்.இ.டி. பலகைகள் ஊர்ப்பெயர்களையும் விலைகளையும் காட்டுகின்றன. இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் தமிழ்ப் புள்ளி எழுத்தின் வரலாறு திரையிலிருந்து தொடங்கவில்லை என்பது புலனாகிறது.

2. நிலவும் கருத்துகள்

படப்புள்ளி எழுத்தைப் பற்றி இரண்டு பார்வைகள் பரவலாக உள்ளன. முதலாவது, அது பொறியின் வறுமையால் நேர்ந்த குறை, திரை நுண்மை பெறப்பெறத் தானே மறையவேண்டியது என்பது. இரண்டாவது, அது தனக்கென இலக்கணம் கொண்ட ஒரு வடிவமைப்புப் பாணி என்பது.

இரண்டாம் பார்வைக்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் வரைந்த சிகாகோ எழுத்துரு, கட்டத்துக்குள் அடங்கியபோதும் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய அகலத்தை அளித்தது. மறு ஆண்டில் கலிபோர்னியாவில் சுசானா லிச்கோ, எமிகிரே இதழுக்காக அதே கணினியில் வரைந்த எழுத்துருக்கள், குறைந்த நுண்மையை மறைக்க முயலாமல் அதையே அழகாகக் காட்டின. காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகளின் 8×8 கட்ட எழுத்துகளைத் திரட்டி, அவற்றை ஒரு தனி எழுத்துக்கலை மரபாக டோஷி ஓமகாரி 2019-இல் நூலாக்கினார். நாம்கோ நிறுவனத்தின் 1980-களின் விளையாட்டு எழுத்தைப் பின்பற்றிய பிரஸ் ஸ்டார்ட் 2பி என்னும் எழுத்துரு, இன்று எவரும் விலையின்றிப் பயன்படுத்தக் கிடைக்கிறது. அதில் லத்தீன் உண்டு, கிரேக்கமும் சிரில்லிக்கும் உண்டு; தமிழ் இல்லை.

இவ்விரு பார்வைகளும் ஒரு முற்கோளைப் பகிர்ந்துகொள்கின்றன: படப்புள்ளி எழுத்து முடிந்துபோன ஒன்று. தமிழைப் பொறுத்தவரை இம்முற்கோள் பொருந்துவதில்லை. தமிழில் கட்டப்புள்ளி எழுத்து இன்றும் அன்றாடம் உழைக்கும் எழுத்தாகவே உள்ளது. பேருந்துக்குக் காத்திருப்பவர் இரவில் அதை நம்பியே ஏறுகிறார். பாணியாக மதிக்கப்படும் நிலையை அது இன்னும் எட்டவில்லை, குறையாகக் கழிக்கப்படவும் இல்லை. பெரும்பாலும் பெயரற்ற ஒரு பொறியாளரோ மென்பொருள் விற்பனையாளரோ அவசரத்துக்கு நிரப்பிய கட்டங்களே இன்று தெருவில் எரியும் தமிழ். இந்தப் புறக்கணிப்பு, வடிவமைப்பாளர்கள் வருந்தவேண்டிய ஒன்று.

3. புள்ளியும் சுழியும்

தமிழ் வரிவடிவத்தின் வரலாற்றில் எழுதுபொருள் மாறும்போதெல்லாம் வடிவமும் மாறியுள்ளது. மாங்குளம் போன்ற மதுரைச் சூழலின் குகைத்தளங்களில் உளியால் வெட்டப்பட்ட தமிழி எழுத்து, பெரிதும் நேர்கோடுகளால் ஆனது; பிற்காலத் தமிழிக் கல்வெட்டுகள் சிலவற்றில் மெய்யெழுத்தின் மேல் புள்ளியும் காணப்படுவதை ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டியுள்ளார். ஓலைக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. நரம்போடு செல்லும் நேர்கோடு ஓலையைக் கிழிக்கும், எழுத்தாணியால் குத்தும் புள்ளி துளையாகும் என்பதால் கோடுகள் வளைந்தன, புள்ளிகள் விடப்பட்டன என்பதே அறிஞர்கள் பொதுவாகத் தரும் விளக்கம்.

இவ்வரலாற்றில் இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது எகர ஒகரங்களின் கதை. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் போலவே எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியை விதிக்கிறது. ஓலையில் புள்ளி மறைந்தபின் குறிலும் நெடிலும் ஒரே தோற்றம் கொண்டன. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு அடையாளம் தந்து அவற்றைப் பிரித்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. இன்றைய எழுத்தில் 'ஏ' கீழ்நோக்கிய ஒரு கோட்டாலும், 'ஓ' ஒரு கீழ்ச்சுழியாலும், 'ே' ஒரு மேற்சுழியாலும் தத்தம் குறிலிலிருந்து வேறுபடுகின்றன.

கட்டச்சட்டத்தில் இவற்றின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு புள்ளிக்கு ஒரே கட்டம் போதும், அதை எழுத்திலிருந்து பிரிக்க ஒரு வெற்று வரிசை கூடுதலாக வேண்டும். ஒரு சுழிக்கோ, நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாக வேண்டுமாதலால், குறைந்தது 3×3 கட்டங்கள் தேவை. அவற்றில் 8 எரியவேண்டும். ஓலை வளைவை விரும்பிப் புள்ளியை வெறுத்தது. கட்டச்சட்டம் புள்ளியை விரும்பி வளைவை வெறுக்கிறது. குறில் நெடில் வேறுபாடு புள்ளியிலிருந்து கோட்டுக்கும் சுழிக்கும் மாறிய பிறகே தமிழ் திரைக்கு வந்து சேர்ந்ததால், மொழியில் பொருளை மாற்றும் வேறுபாடுகள் சில, பொறி மிக எளிதாக இழக்கும் இடங்களிலேயே அமைந்துவிட்டன.

இதைக் காரணமாகக் கொண்டு எழுத்தையே மாற்றவேண்டும் என்ற வாதம் அவ்வப்போது எழுந்துள்ளது. 1935-இல் பெரியார் தம் குடிஅரசு இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றபோது, ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் நீங்கின. அதற்கு அப்பால் இகர உகர வரிசைகளையும் மாற்றவேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வலியுறுத்தினார். எழுத்துகளின் எண்ணிக்கை குறைவது கற்பவருக்கும் பொறிக்கும் உதவும் என்ற அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் பொறியின் எல்லை ஒரு தலைமுறைக்குள் தகர்ந்துவிடுகிறது, எழுத்து பல நூற்றாண்டு வாழ்கிறது. 84×48 புள்ளிகள் கொண்ட நோக்கியா 3310-இன் திரைக்காக எழுத்தைத் திருத்தியிருந்தால், அந்தத் திரை போனபின்னும் திருத்தம் நின்றிருக்கும். கட்டத்தின் தேவைக்கு விடையைக் கட்டத்துக்குள்ளேயே தேடுவதுதான் முறை.

4. 16 வரிசைக்குள் ஓர் ஊர்

அவ்விடை எங்கே உள்ளது என்பதைக் காண, கடைத்தெருக்களில் மிகுதியாகக் காணப்படும் பி10 என்னும் எல்.இ.டி. பலகையை எடுத்துக்கொள்ளலாம். இரு புள்ளிகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர் உள்ளதால் அதற்கு அப்பெயர். ஒரு பலகையில் 32 நெடுவரிசை, 16 கிடைவரிசை. பல பலகைகளைப் பக்கவாட்டில் இணைத்து நீளம் கூட்டுவார்கள். உயரம் பெரும்பாலும் 16-லேயே நிற்கும்.

தமிழ் அதிக இடம் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இதைச் சோதிக்கலாம். சிவகாசி என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், எழுத்துக்கு 5 நெடுவரிசையும் இடைவெளிக்கு 1-உம் என்று எழுதினால் 8 எழுத்துக்கு 48 நெடுவரிசை. தமிழில் சி, வ, கா, சி என்று ஒற்றைப் புள்ளித் தடிப்பில் வரைந்தாலும் ஏறத்தாழ அதே நீளம்தான் வருகிறது. ஒவ்வோர் எழுத்தும் அகலம் என்றாலும் எழுத்துகளின் எண்ணிக்கை பாதி. உண்மையான நெருக்கடி உயரத்தில் உள்ளது. ஆங்கிலப் பெரிய எழுத்து 7 வரிசையில் நிற்கும். 16 வரிசைக்குள் இரண்டு அடி எழுதலாம். தமிழுக்கோ கொம்பும் புள்ளியும் அமர மேலே 3, உகரக் கீற்றும் கால்களும் இறங்கக் கீழே 3 என்று ஒதுக்கினால், எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது 10 வரிசை. விருதுநகர் என்ற பெயர் ஒன்றிலேயே 'வி'யும் 'ர்'உம் மேலே ஏற, 'ரு'வும் 'து'வும் கீழே இறங்குகின்றன. இந்த 3:10:3 பங்கீட்டை உணராமல் உடலை உயர்த்தி வரையும் எழுத்துருக்களில் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது உகரம் அறுபட்டு நிற்கிறது.

கட்டத்துக்கு மிக இணக்கமான எழுத்துகளும் தமிழில் உண்டு. 'ப' மூன்று நேர்கோடு, 'ட' இரண்டு. 5×7 கட்டத்தில் 'ப'வுக்கு 17 புள்ளியும், 6×7 கட்டத்தில் 'ட'வுக்கு 12 புள்ளியும் போதும், எந்த வளைவும் குறைபடுவதில்லை. சிவகாசியின் முதன்மைத் தொழிற்சொல்லான பட்டாசு, 'சு'வைத் தவிர்த்தால், படப்புள்ளிக்கென்றே வார்த்தது போன்ற சொல்.

அதற்கு நேர்மாறானது, பட்டாசுத் தொழில் பரவியுள்ள அதே மாவட்டத்தின் ஓர் ஊர்ப்பெயர்: ஏழாயிரம்பண்ணை. இதில் கட்டத்தின் இடர்கள் அனைத்தும் வரிசையாக வருகின்றன. 'ஏ' தன் கீழ்க்கோட்டை இழந்தால் 'எ' ஆகும். 'எழாயிரம்' என்ற பிழை நெடுந்தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமலே கண்ணில் பதியும். 'ழ' தன் வாலை இழந்தால் 'ம'. துணைக்கால் 'ா'வுக்கும் 'ர'வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சாய்ந்த அடி மட்டுமே. இரண்டும் ஒரே சொல்லில், இடையில் 'யி' மட்டும் நிற்க, அடுத்தடுத்து வருகின்றன. 'ன'வுக்கு மேல் 'ண'வுக்குக் கூடுதலாக உள்ள ஒரு வளைவு, கோட்டுக்கு ஒன்றும் வெளிக்கு ஒன்றுமாக இரண்டு நெடுவரிசையையேனும் கேட்கிறது. 1978-க்கு முன் 'ணை' யானைத் துதிக்கை போன்ற கொம்போடு தலைக்கு மேல் உயர்ந்தது, இப்போது இணைக்கொம்பு முன்னால் நிற்கிறது. அதாவது சீர்திருத்தம் உயரத்தின் சுமையை அகலத்துக்கு மாற்றியது. உயரம் 16-இல் நிலைத்து நீளம் மட்டும் கூட்டக்கூடிய பலகைக்கு இம்மாற்றம் பெரும் நன்மை. இப்பெயரை முழுதாக எழுத ஏறத்தாழ 100 நெடுவரிசை, அதாவது நான்கு பலகைகள் வேண்டும்.

இங்கே அச்சகத்தாரின் பட்டறிவு ஒன்று பயன்படும். ஆஃப்செட் அச்சில் மைப்புள்ளி தாளில் அழுந்தும்போது சற்றே விரியும். தொழிலில் இதை டாட் கெயின் என்பார்கள். தகடு எடுக்கும்போதே புள்ளியைச் சற்றுக் குறைத்து அமைத்து அவர்கள் இதை ஈடுசெய்கிறார்கள். எல்.இ.டி. புள்ளியும் இரவில் விரிகிறது: ஒளி கசிந்து 3×3 சுழியின் நடுக்கட்டம் மூடிக்கொள்ள, மேற்சுழி அடைபட்டுக் 'கே' என்பது 'கெ' போல் தோன்றுகிறது. எனவே கட்டத்தில் அழகாகத் தெரியும் சுழி தெருவில் நிற்கும் என்று கொள்ளமுடியாது. வேறுபாட்டைத் தாங்கும் சுழிகளை 4 கட்ட உயரத்துக்குப் பெரிதாக்கி, 'ச', 'வ', 'ந' போன்றவற்றின் வெறும் வளைவுகளை அதற்கு ஈடாகச் சுருக்குவதே சரியான வழி. எழுத்தின் விகித அழகு இதனால் சற்றுக் குலையும். படிப்பவர் ஊர் மாறி இறங்காமல் இருப்பதற்கு அது ஏற்கத்தக்க விலை.

5. கணினிக்கு வந்த தமிழ்

தமிழ் எழுத்தைக் கட்டங்களாகக் காணும் முயற்சி திரை எழுத்துருக்களுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும், அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கட்டங்களாக மாற்றி, வரிசை வரிசையாகவும் பத்தி பத்தியாகவும் படித்து அடையாளம் காணும் முறையை 1978-இல் வெளியிட்டனர். அதே குழுவினர் 1974-இல் கோலங்களைக் கணிதவழி விவரிக்கும் இலக்கணம் ஒன்றையும் முன்வைத்திருந்தனர். எழுத்தும் கோலமும் ஒரே ஆய்வு மேசைக்கு வந்த அந்நிகழ்வு, தமிழ் வடிவமைப்பு வரலாற்றில் இதுவரை பெற்றிருக்கும் கவனத்தைவிட மிகுதியான கவனத்துக்கு உரியது.

1980-களில் கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை ஆகியன கணினியில் தமிழைக் கொண்டுவந்தன. 2005-இல் முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசிக் குறுஞ்செய்திக்குத் தமிழைத் தந்தது. 1998-இல் ரோமன் சிபோரா தொடங்கிய யூனிஃபாண்ட், 8×16, 16×16 கட்டங்களில் யூனிகோடு எழுத்துகளுக்கெல்லாம் உருத்தருவதை நோக்கமாகக் கொண்டு தமிழையும் சேர்த்தது; ஆனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் உருவம் என்ற அதன் நோக்கம், 'கு', 'து', 'நூ' என ஒட்டி உருமாறும் உகர வரிசைகளின் இயல்போடு பொருந்துவதன்று. கடைகளில் ரசீது அடிக்கும் வெப்ப அச்சுப்பொறியிலும் இதே சிக்கல்தான். 58 மி.மீ. தாளில் ஒரு வரிக்கு 384 புள்ளி. 12×24 கட்டத்தில் 32 ஆங்கில எழுத்து கச்சிதமாக அமரும். தமிழ் அந்தச் சம அகலக் கட்டத்தில் அடங்காததால் பெரும்பாலும் படமாகவே அனுப்பப்படுகிறது.

இம்முயற்சிகள் யாவும் தமிழைக் கட்டத்துக்குள் கொண்டுவருவதையே இலக்காகக் கொண்டவை, அவ்வகையில் பெரும் தொண்டு. ஆயினும் வீட்டுக்கு வீடு கணினி பரவிய காலத்தில் வழவழப்பான எழுத்துருக்களும் கூடவே வந்துவிட்டதால், 8×8 தமிழைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்று ஒன்று உருவாகவே இல்லை. விளையாட்டுப் பொறியின் எழுத்தைத் தமிழில் பெயர்த்தால், அது தமிழ் வாசகருக்கு மற்றவருடைய இளமைக்கால நினைவாகவே இருக்கும்.

6. சீரியல் விளக்கின் மரபு

தமிழ் வாசகரின் நினைவில் புள்ளி எழுத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கலோ வேறெந்த ஊர்த் திருவிழாவோ, மூங்கில் சட்டத்தில் பல்புகளைக் கோத்து அம்மன் உருவமும் வரவேற்புச் சொல்லும் எரியும் சீரியல் செட் இல்லாமல் நிறைவதில்லை. அதில் எழுத்தை அமைப்பவர் முதலில் எழுத்தைக் கோடாக வரைந்துகொண்டு, அந்தக் கோட்டின்மேல் சம இடைவெளியில் பல்புகளைப் பொருத்துகிறார். வாணவேடிக்கைக் கலையிலும் இதே முறை உண்டு: மரச்சட்டத்தில் வரைந்த எழுத்தின் வழியே சிறு வண்ணக் குழல்களைப் பதித்துத் திரியால் இணைத்துக் கொளுத்தினால் எழுத்து முழுதும் ஒருசேர எரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பெயரிட்டுக் காட்டுவது பயன்தரும். திரையிலும் எல்.இ.டி. பலகையிலும் புள்ளிகளின் இடம் முன்பே முடிவாகிவிடுகிறது, எழுத்து அவற்றுக்கு அடங்குகிறது; இதைக் கட்டவழிப் புள்ளி எனலாம். சீரியல் செட்டில் கோடு முன்னே செல்கிறது, புள்ளி அதைப் பின்தொடர்கிறது. இது கோட்டுவழிப் புள்ளி. கோலம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் புள்ளிகள் கட்டமாக அமைந்தாலும் உருவத்தின் உடலாவதில்லை, சிக்குக்கோலத்தின் கோடு அவற்றைச் சுற்றி வளைந்து செல்ல வழிகாட்டுவதோடு அவற்றின் பணி முடிகிறது.

கோட்டுவழியில் சுழிக்குத் தனி விலை இல்லை. 'ண'வின் ஒவ்வொரு வளைவும், 'ே'யின் மேற்சுழியும், 'ழ'வின் வாலும் தத்தம் வடிவிலேயே நிற்க முடியும். பல்பின் எண்ணிக்கை கூடும், அவ்வளவே. ஓலையின் வளைவையும் கல்லின் புள்ளியையும் ஒன்றாக ஏற்கும் வழி இது. ஆகவே தமிழில் பழமை மணக்கும் புள்ளி எழுத்துரு ஒன்று வேண்டுமென்றால், 8×8 கட்டத்தைவிட இந்தச் சீரியல் மரபிலிருந்து அது பிறப்பதே பொருத்தம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கோட்டுவழிப் புள்ளி எழுத்து படப்புள்ளி எழுத்தே அல்ல, இரண்டையும் ஒரே தலைப்பில் பேசுவது வகைப்பிழை என்று கூறலாம். தொழில்நுட்ப நோக்கில் அம்மறுப்பு சரியே. ஆனால் மீட்டெடுக்கும் பாணி என்பது நினைவைச் சார்ந்தது, தொழில்நுட்பத்தை அப்படியே படியெடுப்பதன்று. தாளில் அச்சாகும் லத்தீன் படப்புள்ளி எழுத்தே இதற்குச் சான்று. பழைய திரையில் புள்ளி ஒளிகசிந்து மங்கலாக இருந்தது; அச்சுத் தகட்டிலோ ஒவ்வொரு புள்ளியும் கூரிய விளிம்புள்ள சதுரமாகிறது. அது புள்ளியின் படமேயன்றிப் பழைய புள்ளி அல்ல.

7. இரு பயன், இரு எழுத்துரு

மேற்கண்ட ஆய்வு, ஒரே எழுத்துருவில் இரு பணிகளையும் முடிக்க முயல்வதுதான் குழப்பத்தின் வேர் என்று காட்டுகிறது. பட்டாசுப் பெட்டியின் லேபிள், தினசரி நாட்காட்டியின் மேலட்டை, நோட்டுப் புத்தக உறை போன்றவற்றில் கண்ணைக் கவர்வதே நோக்கம். எழுத்தின் அளவு பெரிது, வாசகர் கையில் வைத்துப் பார்க்கிறார். தீப்பெட்டி லேபிள் காலம் முதல் எழுத்தைப் படத்தின் பகுதியாகவே வரைந்து பழகிய சிவகாசிக்குக் கோட்டுவழிப் புள்ளி எழுத்து புதிதாகத் தோன்றாது. கம்பி மத்தாப்பின் பொறி, சங்கு சக்கரத்தின் சுழல் ஆகியவை தம் இயல்பிலேயே வளைவைத் தொடரும் ஒளிப்புள்ளிகள். அப்பண்டத்தின் பெயரை அவ்வாறே எழுதுவதில் பொருளும் வடிவும் இணைகின்றன. இவ்வகை எழுத்துருவில் கவனிக்கவேண்டியது புள்ளிகளின் இடைவெளி: கோடுகள் சந்திக்கும் முனைகளில் இரு புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் கறை போல் தெரியும். ஆகவே முதலில் முனைகளில் புள்ளியை நிறுத்தி, பின்னர் இடைப்பட்ட தொலைவைச் சமமாகப் பங்கிடவேண்டும்.

பலகை எழுத்துக்கு வேண்டியது கட்டவழி எழுத்துரு, அதுவும் 16 வரிசைக்கென்றே வரைந்தது. பெரிய எழுத்துருவைச் சுருக்கிக் கட்டத்தில் பொருத்தும் தானியங்கி முறையை இங்கு நம்ப இயலாது. அம்முறைக்கு எந்தப் புள்ளி அழகுக்கு, எந்தப் புள்ளி பொருளுக்கு என்று தெரியாது. இரண்டையும் ஒரே அளவில் சுருக்கும். எழுத்து எழுத்தாகக் கையால் கட்டம் நிரப்பி, எ–ஏ, ஒ–ஓ, கெ–கே, ம–ழ, ா–ர, ன–ண ஆகிய இணைகளை அடுத்தடுத்து வைத்து, இரவில், ஒளி கசியும் நிலையில், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து சோதிக்கவேண்டும்.

சோதனைச் சொற்களை வெளியே தேடவேண்டியதில்லை. ஆடி கடைசி வெள்ளிக்குப் பக்தர்கள் திரளும் இருக்கன்குடியில் 'ரு', 'க்', 'ன்', 'கு', 'டி' என மேலும் கீழும் மாறிமாறி நீளும் எழுத்துகள் உள்ளன. சாத்தூரும் சேத்தூரும் ஒரே மாவட்டத்தில் இருப்பதால் முதலெழுத்தின் அடையாளம் தெளிவாக நிற்கவேண்டும். 'ஏ'யின் கீழ்க்கோடும் 'ழ'வின் வாலும் 'ர'வின் அடியும் ஆளுக்கு மூன்றே கட்டங்களில் இறங்கி நிற்க, மேலே 'யி', 'ம்', 'ண்' மூன்றும் தலையில் முட்டாமல் அமர, நான்கு பலகைகளுக்குள் ஏழாயிரம்பண்ணை என்று இருட்டில் தடுமாறாமல் படிக்க முடிந்தால் அந்த எழுத்துரு மற்ற ஊர்களையும் எழுதிவிடும்.